கூழில் கரைத்த மாத்திரை

பாகலூர் திம்மப்பனுக்குக் கேழ்வரகுக் காடு மூன்று ஏக்கர். 1957இல் அவன் மனைவி முனிலட்சுமியின் அக்கா களையெடுத்துக்கொண்டிருந்தபோதே ரத்தக்கொதிப்பில் கைகால் இழுத்து விழுந்தாள். மூன்றாம் நாள் உயிர் போயிற்று. அந்தப் பயத்தில் மனைவியை ஓசூர் டாக்டரிடம் காட்டினான். அவளுக்கும் ரத்தக்கொதிப்பு இருந்தது. புதிதாக வந்த மாத்திரை என்று ஒரு புட்டியைக் கொடுத்தார் டாக்டர்.

நான்கே நாளில் அவள் புட்டியைத் தள்ளிவைத்தாள். "வேணாம் மாமா. போட்டா நெஞ்சு படபடன்னு அடிக்குது, மண்ட பொளக்குது."

கெஞ்சினான், திட்டினான். அவள் அசையவில்லை. மறுநாள் காலை, அவள் மாடு கறக்கும் நேரத்தில் மாத்திரையைப் பொடித்து அவள் குடிக்கும் கூழில் கரைத்தான். அவள் நல்லதுக்குத்தானே என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டான். படபடப்பும் தலைவலியும் வந்தபோது, கொதிப்பால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படியே இரண்டு மாதம் போயிற்று. அவளுக்குச் சோறு பிடிக்கவில்லை, வாந்தி வந்தது. வெயில் என்று நினைத்தான். ஒருநாள் அவள் கண் மஞ்சளாக இருப்பதைப் பார்த்தான்.

உடனே ஓசூருக்குக் கூட்டிப்போனான். டாக்டர் வயிற்றின் வலப்பக்கத்தை அழுத்த, அவள் துடித்தாள்.

"நான் குடுத்த மாத்திரைய இன்னும் சாப்பிடுறியாம்மா?"

"இல்லீங்க சாமி. நிறுத்தி ரெண்டு மாசமாச்சி."

"அப்போ அதனால வந்தது இல்ல."

திம்மப்பன் பின்னால் நின்றிருந்தான். வாய் திறக்கவில்லை.

பஸ்ஸில் அவள் அவன் தோளில் சாய்ந்து, "என்னால உனக்குத்தான் அலைச்சல்" என்றாள். அதற்குமேல் அவனால் உட்கார முடியவில்லை. புறப்பட்ட பஸ்ஸை நிறுத்தி, அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, டாக்டரிடமே திரும்ப அழைத்துப் போனான். அவள் முன்னிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னான்.

"சிலருக்கு அது ஈரலையே கெடுத்துடும்யா!" என்று டாக்டர் கத்தினார். "இன்னும் ஒரு மாசம் குடுத்திருந்தா பொணத்தத்தான் தூக்கிட்டு வந்திருப்ப."

முனிலட்சுமி அவனைப் பார்க்கவே இல்லை.

மாத்திரை நின்றதும் மெல்லத் தேறினாள். கண் தெளிய இரண்டு மாதமாயிற்று. அதன்பின் ஒருநாள், அவரைக்காய் உரித்துக்கொண்டே பேசினாள்.

"கூழுல போட்டது கூடப் போவட்டும் மாமா. அக்கா மாதிரி நானும் போயிடுவேன்னு பயந்துட்ட. ஆனா, சாப்பிடலன்னு நான் டாக்டருகிட்ட சொன்னப்ப, பாத்துக்கிட்டே நின்னியே."



ரத்தக்கொதிப்புக்கு இனி உப்பைக் குறைப்பதுதான் வழி என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் தட்டிலும் உப்பு வேண்டாம் என்றான் திம்மப்பன். "உனக்கு என்ன வந்துது, போட்டுக்க" என்று அவள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அவன் கடைசிவரை போட்டுக்கொள்ளவில்லை.