காற்றில் வெட்டிய முடி

முடிவெட்டும் கடைக்குள் நுழையும் முன்பே அவர் கத்திரிச் சத்தம் கேட்கும். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே, காற்றிலேயே டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருப்பார். தெருவில் அவருக்குப் பெயரே டிக்டிக். கல்யாணமான புதிதில், மாடி வீட்டில் துணி மடித்தபடியே அவர் மனைவி கீழே கடையில் நடப்பதைச் சொல்லிவிடுவாள். சத்தம் வேகமாக வந்தால் அரட்டை களைகட்டியிருக்கிறது. நின்றுவிட்டால் காதோரம் வந்துவிட்டார். என்ன நாட்கள் அவை!

ஒருநாள் கடையின் சுவர்க்கண்ணாடி கழன்று விழுந்தபோது அவர் தாங்கப் போய், வலது கையில் கட்டைவிரலையும் மோதிரவிரலையும் மடக்குகிற தசைநாண்கள் அறுந்தன. கத்திரி பிடிக்கும் விரல்களே அவைதான். டாக்டர் தைத்துக் கட்டுப் போட்டார்.

"ஆறு வாரம் சொல்லிக்கொடுத்த பயிற்சி மட்டும் செய்யுங்க. மத்த நேரம் கை சும்மா இருக்கணும்."

மனுஷன் சும்மாதான் இருந்தார். நாலாவது வாரம் கட்டைக் கழற்றி, கத்திரியை மாட்டிக்கொண்டு, எதிரே தலையே இல்லாமல் டிக்டிக். முடிவெட்டுகிறவருக்குச் சும்மா இருப்பதென்றால் அதுதானே. உள்ளே பட்டென்று ஏதோ விட்டுப்போனது.

"ஒரு முடிகூட வெட்டலை டாக்டர், சும்மாதான் இருந்தேன்" என்று அவர் சொன்னபோது பக்கத்தில் நின்ற மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுபடி தைத்தார்கள். இந்த முறை பயந்துபோய், பயிற்சிகூடச் செய்யாமல் கையைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். தைத்த தசைநாண் தழும்போடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் பாதி மடங்கியபடி நின்றுவிட்டன.

"ஒட்டினதைப் பிரிச்சுவிடலாம். ஆனா திரும்பவும் அறுந்தாலும் அறுந்துடும்" என்றார் டாக்டர்.

"பழகப் பழகச் சரியாயிடும்" என்று அவர் நாளைக் கடத்தினார். கடையை அவள் தம்பி பார்த்துக்கொண்டான். அத்தானின் நாற்காலியில் மட்டும் யாரையும் உட்காரவிடவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவள் அதில் போய் உட்கார்ந்து கூந்தலை அவிழ்த்தாள்.

"நுனி மட்டும் வெட்டுங்க."

"இது ஆம்பளைங்க கடை."

"பூட்டின கடையில யாரு கேக்கப் போறா?"

கத்திரி திறந்தது, முழுக்க மூடவில்லை. முடி நழுவி நழுவிப் போனது. அரை மணி நேரத்தில் அவருக்கு வியர்த்து ஊற்றியது.

"கோணலாப் போச்சு."

"எனக்கென்ன முதுகுலயா கண்ணு இருக்கு? நீங்க வெட்டினது, அப்படியே இருக்கட்டும்."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு அவர் இடது கையால் தரையைக் கூட்டினார்.

"உன் தம்பியை இந்த நாற்காலியில வெட்டச் சொல்லு."

"அப்ப ஆபரேஷன்?"

"வேணாம். இருக்கிற பிடியும் போயிடும்."

அவள் கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள்.

"நாளைக்கே சொல்லிடு. தள்ளிப்போட்டா நான் மனசு மாறிடுவேன்."