மாமா தீ மிதித்த ஐப்பசி

எட்டு வயதில் நான் செய்த முதல் திருட்டு, முட்டைத் திருட்டு. அதற்கான தண்டனையை என் தாய்மாமனின் கால் அனுபவித்தது என்று ரொம்ப வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு இராசிபுரத்தில் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தார். அப்போது அவருக்குப் பதினாறு வயது. காலையில் அப்பாவோடு குழித்தறியில் உட்காருவார், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் ஊர் எல்லைக்கு வெளியே இருந்த மேய்ச்சல் நிலத்தில் பந்து. வெறுங்கால்தான். நாலு பேர் சுற்றி வளைத்தாலும் பந்து அவர் காலைவிட்டுப் போகாது. "தறிக்குழியில மிதிச்ச காலு, அதான் பந்து சொன்ன பேச்சக் கேக்குது" என்று தெருவில் பெருமையடித்துக்கொண்டார்கள். அப்படிச் சொன்னவர்களே பிறகு அவரைத் தறியில் உட்கார விடவில்லை. கால் கெட்டுப்போகுமாம்.

காரணம் ஒரு கடிதம். அது யுத்த காலம். நூல் கிடைக்காமல் தெருவில் பாதித் தறிகள் சும்மா கிடந்தன. மெட்ராஸில் ஓர் ஆலையில், நன்றாகப் பந்தாடுகிற பையன்களுக்கு வேலையும் கொடுத்துத் தங்கள் அணியில் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் அவர்களுக்கு எழுதிப் போட்டார். சேலத்தில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பார்க்க அங்கிருந்து ஆள் வந்தது. மாமா அன்று மூன்று கோல் போட்டார். கார்த்திகை பிறந்ததும் வந்து சேரும்படி கடிதம் வந்துவிட்டது.

அதோடு மாமாவின் கால் தெருவுக்குச் சொந்தமாகிவிட்டது. வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தினம் ஒரு முட்டை கொண்டுவந்தார்கள். முட்டையோடு ஒரு பேச்சும் வரும். "நீங்க போயி நெலையா நின்னுக்கிட்டா, எங்க பெரியவனுக்கும் அந்த மில்லுல ஒரு எடம் பாருங்க சாமி." மாமா தலையாட்டிக்கொண்டே முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வார். எத்தனை பேருக்குத் தலையாட்டினாரோ, அவருக்கே கணக்குத் தெரிந்திருக்காது. கண் பட்டுவிடும் என்று அம்மா வேறு சாயங்காலமானால் உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவாள். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது" என்பாள்.

ஒருநாள் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஏஞ் சாமி, மெட்ராசுல ஆட்டம் சரிப்படாமத் திரும்பி வந்தா, நம்ம தெருவுக்குள்ள எந்தப் பக்கமா வாரது?"

"பின்னாடி சந்து இருக்குதுல்லங்க மாமா."

விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல யோசனைதான் சொல்லியிருக்கிறோம் என்று எனக்கும் பெருமை.

அம்மா ஒரு காரியம் செய்து வைத்திருந்தாள். தம்பிக்கு மெட்ராஸ் கிடைத்துவிட்டால் ஐப்பசித் திருவிழாவில் மாரியம்மனுக்குத் தீ மிதிக்க வைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொண்டது அக்கா, மிதிக்க வேண்டியது தம்பி. எங்கள் பக்கத்தில் அது சகஜம். காலால் பிழைக்கப் போகிறவனின் காலைக் கொண்டுபோய் நெருப்பில் வைக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டிரில் வாத்தியார் மட்டும் வாசலில் வந்து நின்று மன்றாடினார்.

"ஏனுங்கம்மா, அடுத்த வருசம் மிதிச்சாப் போதாதுங்களா?"

"அவன் காலக் குடுத்ததே அந்த ஆத்தாதானுங்க. தள்ளிப் போட்டா எடுத்துக்குவாளுங்க" என்றாள் அம்மா. வாத்தியார் மாமாவைப் பார்த்தார். "அக்கா சொன்னாச் செரிதானுங்க சார்" என்று மாமா சொல்லிவிட்டார்.

தீ மிதிப்பதற்கு ஏழு நாள் முன்னால் கையில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, கவிச்சி கூடாது. ஆகவே மேய்ச்சல் நிலத்துப் பந்தும் கிடையாது, முட்டையும் கிடையாது. ஏழு நாளும் மாமா எங்களோடு கல்லாங்காய் ஆடினார். அப்பாவைக் கெஞ்சித் தறியில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. விரதம் இருந்தால் முகத்தில் களை வரும் என்று அம்மா சொன்னாள்; நானும் அதுதான் போலிருக்கிறது என்று எண்ணினேன்.

முட்டைகள் மட்டும் நிற்கவில்லை. விரதம் முடிந்ததும் சாப்பிடட்டும் என்று கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா அவற்றைத் தவிட்டுப் பானையில் புதைத்து வைத்தாள். சொன்னால் வெட்கக்கேடு, அதில் நாலு முட்டையை நான் ஊசியால் துளை போட்டு உறிஞ்சிவிட்டேன். காப்புக் கட்டிய வீட்டில் கவிச்சி சாப்பிட்டால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். நாக்கு கேட்கவில்லை.

திருவிழாவன்று பொழுது சாய்கிற நேரம். குண்டத்தில் கங்கு சிவந்து கிடந்தது. அதன் கடைசியில் இறங்கி நிற்பதற்குப் பால் ஊற்றிய சிறு குழி. அதன் ஓரத்தில் நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொருவராக மஞ்சள் வேட்டியோடு ஓடி வந்து பால்குழியில் குதித்தார்கள். எழுபது வயதுக் கிழவர்கூட ஓட்டமாகத்தான் வந்தார். மாமாவின் முறை வந்தது. அவர் ஓடவில்லை. நடந்தார். நடுவில் வந்ததும் யாரோ கூப்பிட்டது போல நின்றார். "ஓடு சாமி, ஓடு" என்று ஊரே கத்தியது. அம்மாவின் கை என் தோளை நசுக்கியது. மாமா தரையைப் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை. பிறகு மெதுவாக மிச்ச தூரத்தையும் நடந்து வந்து பால்குழியில் இறங்கினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை பேரிலும் எங்கள் மாமாதான் பயப்படாமல் நடந்தார் என்று பக்கத்தில் நின்ற பிள்ளைகளிடம் சொன்னேன்.

மறுநாள் இரண்டு உள்ளங்காலும் தோலுரிந்து கிடந்தன. வைத்தியர் வந்து பார்த்துவிட்டு, தரையில் கால் ஊன்றவே இரண்டு மாதம் ஆகும் என்றார். மெட்ராஸில் கார்த்திகையோடு அந்த இடத்துக்கு வேறு பையனை எடுத்துக்கொண்டார்கள்.

சுத்தமாக இருந்தவனைத் தீ சுடாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சுட்டுவிட்டது என்றால் எங்கேயோ குற்றம். தெருப் பெரியவர்கள் விசாரிக்க வந்தார்கள். "வேண்டுதல்லயே ஏதோ கொற இருக்குதுங்க" என்று ஒருவர் அம்மாவைப் பார்த்தே சொன்னார். அம்மா அழுதுகொண்டே போய்த் தவிட்டுப் பானையில் கைவிட்டு எண்ணினாள். நாலு குறைந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நாந்தான் குடிச்சனுங்க" என்றார் மாமா, பாயில் படுத்தபடியே. "பசி தாங்கல. அக்கா மேல ஒண்ணும் தப்பில்லீங்க."

பெரியவர்கள் பெருமூச்சு விட்டு எழுந்து போனார்கள். அவர்களோடு வந்திருந்த டிரில் வாத்தியார் மட்டும் மாமாவின் இரண்டு உள்ளங்காலையும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு முட்டை வரவில்லை.

கால் ஆறியதும் மாமா தறிக்குழியில் இறங்கினார். கடைசிவரை தறிதான். சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளோடு பந்தை உதைத்துச் சிரித்துக்கொண்டிருப்பார். என் பிள்ளைகள் பெரியவர்களான பிறகு ஒருநாள் துணிந்து கேட்டுவிட்டேன், "என்னாலதானே மாமா உங்க காலு..."

"அட கிறுக்கு, அந்த முட்டைய நீ குடிச்சது எனக்கு எவ்ளோ வசதியாப் போச்சு தெரியுமா" என்றார். மேற்கொண்டு கேட்டதும் தறியை மிதிக்கத் தொடங்கிவிட்டார்.

அந்த நாலு முட்டைக்காக நான் எத்தனையோ வெள்ளிக்கிழமை மாரியம்மனிடம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அத்தனை வருடமும் முட்டையைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவே இல்லை. எழுபது வயதுக் கிழவர் ஓடிக் கடந்த குண்டத்தை, எங்கள் ஊரிலேயே வேகமாக ஓடக்கூடிய பையன் ஏன் நடந்து கடந்தான் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை.