மீமிசலில் கழற்றிய ரேடியோ

மஞ்சள் ஜேசிபி ஒன்று சாலையோரத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். என்னால் முடியாது. பஸ்ஸில் போகும்போது பார்த்தால்கூட, அதன் அடியில் எங்கள் ஃபைபர் கேபிள் போகிறதா என்று யோசித்துக்கொண்டே அடுத்த நிறுத்தம் வரை உட்கார்ந்திருப்பேன். ஆபீஸில் எனக்குப் ‘பயந்தாங்கொள்ளி மேடம்’ என்று பெயர். அது என் காதில் விழாது என்று அவர்களுக்கு நினைப்பு.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் செல்போன் கம்பெனியின் மாவட்ட அலுவலகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக பிளானிங் வேலை பார்க்கிறேன். எந்த டவருக்கு எவ்வளவு கொள்ளளவு வேண்டும், ஒரு பாதை அறுந்தால் கால், டேட்டா என்று அதில் போகும் டிராஃபிக்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், பயப்படுவதற்குச் சம்பளம். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக, பயப்பட வேண்டிய இடத்தில் நான் பயப்படாமல் விட்ட கதையை எழுதி வைக்கிறேன்.

1. பூச்சந்தையின் குரல்

கீரமங்கலத்தில் காலையில் பூச்சந்தை கூடும் நேரத்தில் எங்கள் டவர் திணறும். எல்லோரும் ஒரே சமயத்தில் விலை கேட்பார்கள், விலை சொல்வார்கள். பாதிப் பேச்சில் லைன் அறுந்துபோகும். கம்ப்ளெயின்ட் வராத நாள் இல்லை. பூ வியாபாரி ஒருவர் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

“ஒங்க டவரு காலையில எந்திரிக்கவே மாட்டேங்குது மேடம். ரேட்டு கேட்டு முடிக்கிறதுக்குள்ள பூ வாடிப்போகுது” என்றார்.

அதே சமயம் மீமிசலில் இரண்டு ஜோடி மைக்ரோவேவ் ரேடியோ இருந்தது. மீமிசலையும் சுற்றியுள்ள கடலோர டவர்களையும் அறந்தாங்கியோடு இணைப்பது மண்ணுக்கடியில் போகும் ஃபைபர். அது அறுந்தால் மட்டும் இந்த ரேடியோக்கள் காற்று வழியாக டிராஃபிக்கைச் சுமக்கும். மற்ற நாட்களில் அவை சும்மா இருக்கும். மீமிசலிலிருந்து கம்ப்ளெயின்ட் வந்து நான் பார்த்ததே இல்லை. கிராஃபை எடுத்துப் பார்த்தேன். ஒரு வருஷமாக ஒரு ஜோடிக்கு மேல் தேவைப்படவில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். கீரமங்கலம் அழுதது. மீமிசலில் ஒரு ஜோடியைக் கழற்றிக் கீரமங்கலத்தில் மாட்டி அங்கே கொள்ளளவைக் கூட்டலாம் என்று ஒர்க் ஆர்டர் தயார் செய்தேன். கையெழுத்துப் போடும்போது கொஞ்சம் உறுத்தியது. திருச்சியில் இருக்கும் எங்கள் மேனேஜரிடம் போனில் கேட்டேன்.

“ஃபைபரும் அறுந்து, கூட்டமும் ஏறி, ரெண்டும் ஒரே நாள்லயா நடக்கும்? போட்டு விடுங்க” என்றார்.

போட்டுவிட்டேன். பத்து நாளில் வேலை முடிந்ததாக ஆர்டர் திரும்பி வந்தது. ‘முடிந்தது’ என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடினேன். பூ வியாபாரி ஒரு பை நிறைய மல்லிகை கொண்டுவந்து கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் தலையில் வைத்துக்கொண்டேன்.

2. தட்டையான கோடு

அடுத்த ஆடியில் ஒரு நாள் மத்தியானம் மேற்கேயிருந்து வீசும் மேல்காற்று பேய்க்காற்றாக மாறியது. ஆவுடையார்கோயில் பக்கம் ஒரு புளியமரம் சாலையில் சாய்ந்தது. அதை அகற்ற வந்த ஜேசிபி, வேரோடு சேர்த்து எங்கள் ஃபைபரையும் பிடுங்கி எடுத்தது. என் திரையில் சிவப்பு அலாரம் வரிசையாக வந்தது. டிராஃபிக் தானாக ரேடியோவுக்கு மாறியது. ஒரே ஒரு ஜோடி ரேடியோவுக்கு.

அந்த நேரம் பார்த்து, மீமிசல் மீன் ஏலக்கூடத்தின் தகரக் கூரை பறந்து போவதை யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கரையோரத்தில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத வீடு குறைவு. துபாயிலும் கத்தாரிலும் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் வீட்டுக்கு வீடியோ கால் போட்டார்கள்.

கிராஃப் கிடுகிடுவென்று ஏறி, உச்சியைத் தொட்டு, தட்டையான கோடாகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கோட்டைப் பார்த்தால் எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு காலும் வாசலில் நின்று செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அப்போது அன்வர் கூப்பிட்டார். மீமிசல் பகுதி டவர்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன், அந்த ஊர்க்காரர். எங்கள் லைன் கிடைக்காததால் போட்டிக் கம்பெனி சிம்மிலிருந்து பேசினார். எப்போதும் மேடம் என்றுதான் சொல்வார்.

“அக்கா, எங்க அண்ணன் கடலுக்குள்ள இருக்கு. இஞ்சினு நின்னுபோச்சுன்னு ஒரு தடவ பேசுச்சு, அறுந்துபோச்சு. படகு கெழக்க இழுத்துக்கிட்டுப் போவுதாம். எந்த இடத்துல நிக்கிதுன்னு கேக்குறதுக்குள்ள போயிருச்சுக்கா.”

அவருடைய அண்ணன் சாகுலும் இன்னும் இரண்டு பேரும் விடியலில் நாட்டுப்படகில் போனவர்கள். கடலுக்குள் கொஞ்ச தூரமாவது எட்டுவது அங்கே எங்கள் டவர் மட்டும்தான். படகு கிழக்கே போகப்போக டவரின் எல்லையைத் தாண்டிவிடும். அதற்குமுன் ஒரு கால் கிடைத்தால் இருக்கும் இடத்தைச் சொல்வார்கள், கரையிலிருந்து படகு அனுப்பலாம். கிடைக்காவிட்டால் அந்த அகன்ற கடலில் எங்கே போய்த் தேடுவது?

என்னால் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. புது ரேடியோக்களில் பேச்சுக்கு முன்னுரிமை உண்டு. மீமிசலில் மிச்சம் இருந்தது பழைய ஜோடி. அதற்குப் பேச்சும் வீடியோவும் ஒன்றுதான். கடலோர டவர்களில் டேட்டாவை நூலளவுக்குக் குறைத்தால் வீடியோ நின்று, பேச்சுக்கு வழி கிடைக்கும். அதற்கு என் கணினியிலிருந்து ஒரு கமாண்ட் போதும். ஆனால் மேலிடத்து அனுமதி வேண்டும்.

மேனேஜரைக் கூப்பிட்டேன். ஃபைபர் ஒட்டுகிற ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், இரண்டு மணி நேரம் பொறுங்கள் என்றார். படகைப் பற்றிச் சொன்னேன்.

“இன்டர்நெட்ட நிறுத்திட்டாங்கன்னு ஊரே பீதியாயிரும். நாளைக்கு என்கொயரி வந்தா நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லணுமா? அனுமதிய எழுத்துல வாங்கித் தாரேன், அதுவரைக்கும் கை வைக்காதீங்க” என்றார்.

நான் கை வைக்கவில்லை. எழுதிக் கேட்டு மெயில் அனுப்பினேன். பதில் வந்ததா என்று பார்த்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடி பார்த்தேன். வேலை போனால் வீட்டுக் கடன் என்னாகும் என்று அந்த நேரத்திலும் மனசு யோசித்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பே பொய்யாகிவிடும். என் தம்பி குவைத்தில் இருக்கிறான். நடுவில் வீடியோ நின்றுபோனால் அந்தப் பக்கம் இருப்பவர்கள் எதையெல்லாம் நினைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதுவும் பயமாக இருந்தது.

அன்வர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. காற்று இரைகிற சத்தமும் யாரோ ஒரு பெண் அழுகிற சத்தமும் மட்டும் கேட்டது. சாகுலின் மனைவியாக இருக்க வேண்டும். போனை வைக்காமலே கமாண்டை அடித்தேன்.

வீடியோக்கள் நின்றன. வளைகுடாவில் எத்தனை திரைகள் அந்த நொடியில் உறைந்தனவோ, அத்தனை பேரின் பயத்தையும் நான்தான் கூட்டினேன். தட்டையாக இருந்த கோடு கீழே இறங்கியது. கால்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன.

ஐந்தாறு நிமிஷத்தில் சாகுலின் கால் அன்வருக்குக் கிடைத்தது. ஜெகதாப்பட்டினத்திலிருந்து இரண்டு விசைப்படகுகள் போயின. பொழுது சாய்வதற்குள் படகைக் கட்டி இழுத்து மூன்று பேரையும் கரை சேர்த்துவிட்டார்கள். அனுமதி மெயில் அதற்கப்புறம் வந்தது.

சிஸ்டத்தில் லாக் என்று ஒன்று உண்டு, அது யாருக்கும் தயவு பார்க்காது. அன்வரின் முதல் காலுக்கும் என் கமாண்டுக்கும் நடுவில் பத்தொன்பது நிமிஷம்.

3. ஒரு வரி

என்கொயரி நடந்தது. எச்சரித்து விட்டுவிட்டார்கள். ஆபீஸில் என்னைத் தைரியசாலி என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பயந்தாங்கொள்ளி என்ற பட்டமே பரவாயில்லை என்று தோன்றியது.

அடுத்த வாரம் அன்வர் ஆபீஸுக்கு வந்தார். ஐஸ் பெட்டியில் நண்டும் கொடுவா மீனும் சாகுல் கொடுத்தனுப்பியிருந்தார். கடைசியாகப் பேசும்போது சாகுலின் போனில் சார்ஜ் ஒரு கோடுதான் இருந்ததாம். பேசி முடித்ததும் அணைந்துவிட்டதாம். அதைக் கேட்டதும் அந்தப் பத்தொன்பது நிமிஷத்தை எண்ணிப் பார்த்தேன். அந்தப் பெட்டியைத் தொட என்னால் முடியவில்லை.

“இத நான் வாங்கக் கூடாது அன்வர்” என்றேன். மீமிசலில் இரண்டு ஜோடி இருந்ததையும், ஒன்றைக் கழற்றச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன் என்பதையும், அது இருந்திருந்தால் அன்றைக்கு லைன் அடைத்திருக்காது என்பதையும் சொன்னேன்.

அன்வர் பெட்டியை மேசைக்குக் கீழே நகர்த்தி வைத்தார்.

“தெரியும் மேடம். டவருல ஏறி அதக் கழட்டுனது நாந்தானே.”

நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன்.

“அப்பவே ரிமார்க்ஸ்ல எழுதியிருந்தேன். நீங்க பாத்திருக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்” என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவர் போனபின் பழைய ஆர்டரைத் திறந்தேன். ‘முடிந்தது’ என்ற டிக்குக்குக் கீழே ரிமார்க்ஸ் கட்டத்தில் ஒரு வரி இருந்தது, கழற்றுவதற்கு முன்பே எழுதியது; திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே என் திரையில் தெரிந்திருக்கும். ‘மேல்காத்து சீசனில் இது இங்கே தேவைப்படும். கடலில் ஆள் இருப்பார்கள். யோசித்துச் சொல்லவும். கழற்றாமல் மூன்று நாள் காத்திருக்கிறேன்.’

அன்றைக்கு அவர் காத்திருந்த மூன்று நாளும் நான் பதில் சொல்லவில்லை. கடலில் அவர் அண்ணன் இருந்தபோது மறுபடியும் காக்க வைத்தேன்.

மீமிசலுக்கு அடுத்த மாதமே இரண்டாவது ஜோடி போனது, இந்தத் தடவை புதியது. இப்போதும் பிளான் போடும்போது கிராஃப் பார்க்கிறேன். ஆனால் அது சாதாரண நாளைத்தான் காட்டும். ஜனங்கள் பயந்துபோய் எல்லோரும் ஒன்றாகப் போனை எடுக்கிற நாள் அதில் இருக்காது. அந்த நாளைத் தெரிந்தவர்கள் டவரில் ஏறுகிறவர்கள். ஆர்டரில் அவர்கள் என்னிடம் பேச அந்த ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதைப் படிக்காமல் எந்த ஆர்டரையும் மூடாதீர்கள். நான் இப்போதெல்லாம் அதைத்தான் முதலில் திறக்கிறேன், காலியாக இருந்தால் போன் போட்டுக் கேட்கிறேன்.