மூக்கும் வெள்ளை வேட்டியும்

கார்க் கதவு நான்கையும் அடைத்து, கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைத் திருகிவிட்டு அல்போன்ஸ் கண்ணை மூடிக்கொள்கிறார். அந்த நேரத்தில் யாரும் பேசக் கூடாது. வண்டிக்காரர் இருமக்கூடக் கூடாது. முதலில் வரும் காற்றில்தான் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு மூக்கு பழகிப்போய்ப் பொய் சொல்லத் தொடங்கிவிடும் என்பது அவர் கட்சி. அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும்.

“கருவாடு. பின்சீட்டுக்க அடியில வச்சுக் கொண்டு போயிருக்கு. ஒரு மாசம் இருக்கும்.”

வண்டிக்காரர் திரும்பித் தன் மனைவியைப் பார்ப்பார். மனைவி ரோட்டைப் பார்ப்பாள்.

கொட்டாரத்தில் கன்னியாகுமரி போகும் சாலையோரம் அவர் கடை. ஷார்ஜாவில் பதினான்கு வருடம் கார் ஏசி வேலை பார்த்துவிட்டு, சுனாமி வந்த வருடத்தில் ஊர் திரும்பியவர். மெக்கானிக் கடையில் வெளுத்த வேட்டியோடு நிற்கும் ஒரே மனிதர் இந்த வட்டாரத்தில் இவராகத்தான் இருக்கும். கேட்டால், “எஞ்சின் வேலன்னா கொல்லப்பட்டற. ஏசி வேல ஆஸ்பத்திரி மாதிரி பாத்துக்கிடுங்க” என்பார். அழுக்குப் பட்டுவிடும் என்று வேலை நேரத்தில் வண்டி சீட்டைத் தவிர வேறெங்கும் உட்காரமாட்டார். தலைக்கு எண்ணெய் கிடையாது, மணக்கிற சோப்பும் கிடையாது. மூக்குக்கு அவ்வளவு பத்தியம். அவர் மனைவி வேளாங்கண்ணி மட்டும் இதற்கு மசிவதில்லை. “ஊரான் வண்டி நாத்தமெல்லாம் தெரியும். எனக்க கொழம்பு அடிபிடிச்சா மட்டும் இந்த மூக்குக்குத் தெரியாது.”

டேஷ்போர்டைக் கழற்றி, குளிர்ச்சி தரும் கம்பிக் கூட்டைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, தண்ணீர் வடியும் குழாயை வாயால் ஊதி அடைப்பெடுத்த பிறகுதான் அவருடைய பெருமைக்குரிய நேரம் வரும். முந்தின நாள் பேப்பரை ஸ்டூல்மேல் விரித்து, உள்ளே கிடந்த குப்பை அத்தனையையும் பரப்பி வைப்பார். இலைச்சருகு, ஈசல் சிறகு, பிள்ளைகள் போட்ட மிட்டாய்த்தாள்.

“கண்டேளா? இதத்தான் இத்தன நாளும் மூக்குல வலிச்சு உள்ள இழுத்தது.”

அதைக் காட்டாமல் கூலி வாங்கமாட்டார். செண்டு பாட்டில், சாம்பிராணி என்று யாராவது பேச்செடுத்தால் கோபம் வரும். “நாத்தத்துக்கு மேல மணத்த வச்சா ரெண்டு நாத்தம். வீடு வர ரெண்டு நிமிசம் இருக்கும்போ ஏசிய அணைங்க, காத்து மட்டும் ஓடட்டு. உள்ள ஈரம் காயணும், அவ்வளவுதான் வித்தை.”

இந்த மூக்கு ஷார்ஜாவில் பட்ட பாடு தனிக்கதை. வேளாங்கண்ணி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு பிச்சிப்பூ இருக்கும். கடல் தாண்டி வந்து சேரும்போது அது கறுத்துச் சுருண்டிருக்கும். மணம் போய், புளிப்பும் இனிப்புமாக ஒரு செத்த வாடை. அதைத்தான் அறையில் இருந்த ஆறு பேரும் வாங்கி வாங்கி முகர்ந்தார்கள். அல்போன்ஸ் கடைசியாக வாங்கி, தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வார். என்ன ஏக்கம் பிடித்த காலம் அது! இன்றைக்கு வீட்டு வாசலில் பிச்சிக்கொடி பூத்துக் கொட்டுகிறது. ஆனாலும் அந்தக் கறுத்த பூவின் வாடைக்கு ஈடாகவில்லை.

போன மாதம் சொர்ணம்மாள் தன் வெள்ளைக் காரை ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு வந்தார். கணவர் பகவதியப்பன் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. வண்டி அவர் ஆசையாக வாங்கியது.

“அவிய இருந்த வரைக்கும் உள்ள பிச்சிப்பூ மணம்தான் தம்பி. அவிய போன பொறவுதான் இந்த நாத்தம். மவன் மஸ்கட்டுலேருந்து வாறான். இந்தத் தடவையும் நாறிச்சுன்னா வித்துருவேன்னு சொல்லுகான். அவிய தொட்ட ஸ்டேரிங்கு தம்பி அது.”

அல்போன்ஸ் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார். அரை நிமிடம் போயிற்று, ஐந்து நிமிடமும் போயிற்று. தீர்ப்பு வரவில்லை. ஷார்ஜாவின் தலையணை வாடை, நூறு மடங்காக, அவர் முகத்தில் அடித்தது.

கண்ணைத் திறந்து பார்த்தார். டேஷ்போர்டில், முன்கண்ணாடிக்கு அடியில் காற்று வரும் இடுக்குகளை ஒட்டி, மண்டைக்காட்டு அம்மன் படம் இருந்தது. “வெள்ளிக்கிழமை தோறும் அவிய தோவாளைச் சந்தையில பூ வாங்குவாவ. பாதி எனக்கு, பாதி அம்மனுக்கு” என்றார் சொர்ணம்மாள். அம்மனுக்கு வைத்ததில் உதிர்ந்ததெல்லாம் எங்கே போயிருக்கும் என்று அல்போன்ஸுக்குத் தெரிந்துவிட்டது.

கழற்றினார். கரைத்த புளி போலக் கறுத்து ஒரு கட்டி வந்தது. இடையிடையே முடிச்சுப் போட்ட வாழைநார். எத்தனை வருடத்து வெள்ளிக்கிழமைகளோ! வண்டி ஓடாமல் நின்ற பிறகு ஈரத்தில் ஊறி நாறியிருக்கிறது. கழுவித் துடைத்து மாட்டியதும் காற்று வெறும் காற்றாக வந்தது.

உள்ளே உட்கார்ந்து பார்த்த சொர்ணம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இனி விக்கமாட்டான். இந்த வெள்ளிக்கிழமையே அம்மனுக்குப் பூ வாங்கி வைக்கணும். அது கெடக்கட்டு, உள்ள என்னதான் தம்பி கெடந்து?”

கறுத்த கட்டியும் நாருமாகப் பேப்பர் ஸ்டூலில் விரிந்து கிடந்தது. வாசனை விஷயத்தில் பிறந்ததிலிருந்து பொய் சொல்லாத அல்போன்ஸ், ஸ்டூலை மறைத்து முன்னால் வந்து நின்றார்.

“எலி அக்கா. செத்த எலி. இனி பூவ மேல கண்ணாடியில கெட்டித் தொங்க விடுங்க. கீழ வச்சா எலி தேடி வரும்.”

“எங்க, காட்டு. ஊருக்கெல்லாம் பேப்பர்ல விரிச்சுக் காட்டுவியாமே, எனக்குக் காட்டமாட்டியா?”

சொர்ணம்மாள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்டூலை நோக்கி வந்தார். அல்போன்ஸ் வெள்ளை வேட்டியோடு அந்த ஈரப் பேப்பர்மேல் உட்கார்ந்துகொண்டார்.