கனி பாய் கொடுத்த ஸ்பிரேயர்

தக்காளி இலையின் அடியில் வெள்ளை ஈக்களை எண்ணிக்கொண்டிருந்தபோது கனி பாயின் மகள் அழைத்தாள். "அத்தா மௌத்தாயிட்டாங்க மேடம். சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க, எந்திரிக்கல." எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அன்று மேற்கொண்டு எண்ணவில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் ஆய்வுப் பண்ணையின் வலைக்கூடத்தைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் அவர். கூட வேலை பார்த்த உங்களுக்கு அவர் கை தெரியும். தொட்ட செடி வாடாது. அந்தக் கையால்தான் ஒருமுறை எங்கள் சோதனை கெட்டது.

இலைச்சுருட்டை வைரஸ் பெருகுவதற்குத் தக்காளியின் சொந்த மரபணு ஒன்றையே பயன்படுத்திக்கொள்கிறது. அந்த மரபணுவைத் திருத்திய செடிகளை உருவாக்கியிருந்தோம். பார்க்க வந்த சாணார்பட்டி விவசாயி ஒருவர் வேற்று மரபணு எதையோ புகுத்திவிட்டோமோ என்று தயங்கியபோது, என்னை முந்திக்கொண்டு பாய் சொன்னார்: "வெளிய இருந்து ஒண்ணும் கொண்டாரல அண்ணே. திருடன் நுழையிற கதவ அடைச்சிருக்கோம், அம்புட்டுதான்." அடைத்தோமா என்பதில் எனக்கே சந்தேகம் இருந்தது.

ஒரு வரிசை திருத்திய செடிகள், அடுத்தது சாதாரணச் செடிகள். இரண்டிலும் நோய் சுமந்த ஈக்களை விட்டோம். கடைசியில் இரண்டிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே இலைகள் சுருண்டிருந்தன. வேறுபாடில்லை, இந்த முயற்சியைக் கைவிடலாம் என்று அறிக்கை எழுதினேன். சாதாரணச் செடி எப்படிப் பிழைத்தது என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் எதிர்பார்த்த முடிவு அது.

அனுப்புவதற்கு முன் பாய் வந்து மேசையருகே நின்றார்.

"மேடம், அந்தச் சாதா வரிசைக்கு வேப்பெண்ணெய் அடிச்சேன்."

"எத்தனை தடவை?"

"மூணு. ஈ அப்பிக் கெடந்துச்சு. பாத்துக்கிட்டு சும்மா இருக்க மனசு வரல."

"நோய் வரட்டும்னுதானே வச்சிருக்கோம் பாய்."

"நமக்குத் தெரியும். செடிக்குத் தெரியாதுல்ல."

நான் கோபப்பட்டேன். அவர் கைஸ்பிரேயரை என் மேசையில் வைத்தார். "இது இங்கயே இருக்கட்டும். எங் கையில இருந்தா திரும்பவும் அடிப்பேன்."

அறிக்கையைக் கிழித்துவிட்டு மறுபடி விதைத்தோம். இம்முறை சாதாரண வரிசை சுருண்டு குறுகியது. திருத்திய வரிசை காய்த்துத் தொங்கியது. அதே சாணார்பட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன பாய், ஒரு வரிசைக்குச் சோறே போடலையா?"

"மேடம் ஸ்பிரேயர ஒளிச்சு வச்சுட்டாங்க அண்ணே" என்றார் பாய், சுருண்ட வரிசையின் பக்கம் திரும்பாமலே.

அந்தச் செடிகளின் பேரப்பிள்ளைகள் இப்போது வலைக்கூடத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. ஸ்பிரேயர் இன்னும் என் மேசையில்தான். நான் எதிர்பார்த்தபடியே ஒரு முடிவு வரும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். பிறகு வலைக்கூடத்துக்குப் போய், யாராவது இரக்கப்பட்டீர்களா என்று கேட்கிறேன்.