நான் மாற்றிய டைனமோ

அப்போது தலவாக்கலையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். பேட்டரி அடிக்கடி இறங்கிப்போனது. பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் டைனமோதான் கெட்டுவிட்டதென்று நானே முடிவுகட்டி, அட்டனில் ஒரு மெக்கானிக்கிடம் வேறொன்று வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே மாற்றினேன்.

மறுவாரம் ஒரு மாலையில், மேல்மலைத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்த ராமையா, தன் மனைவியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி கொண்டுபோக என் காரில் ஏற்றினார். கடும் பனிமூட்டம். விளக்கைப் போட்டுக்கொண்டு, பெட்ரோலை மிச்சம் பிடிக்க எப்போதும் போல எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தில் உருட்டினேன். பாலத்தைத் தாண்டி ஏற்றம் வந்தபோது விளக்கு மங்கி அணைந்தது. எஞ்சின் கிளம்பவே இல்லை.

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பிய தோட்டத்து ஆட்கள் அந்தப் பெண்ணைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

டைனமோவைக் கழற்றி எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனேன். அவர் அதை மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டார். அதில் இணைத்த பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எறக்கத்துல எஞ்சின நிப்பாட்டிருவீங்களோ?"

"எல்லாரும் அப்படித்தானே ஓட்டுறோம்."

"எஞ்சின் ஓடாம டைனமோ எப்படிங்க சுத்தும்? லைட்டு பூரா பேட்டரியத்தான் திங்கும். ஒங்க பழைய டைனமோவும் நல்லாத்தான் இருந்திருக்கும்."

சில நாளில் ராமையா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "காரு கெட்டுப்போனா நீங்க என்னங்க பண்ணுவீங்க? மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

"ஆமாங்க, டைனமோ கோளாறு" என்றேன்.

அதற்குப் பிறகு எந்த இறக்கத்திலும் நான் எஞ்சினை நிறுத்தியதில்லை. வழியில் ராமையாவைக் கண்டால் காரையும் நிறுத்தியதில்லை.