வாளித் தண்ணீரைத் தேடி வந்த கும்பிடுபூச்சி

பூச்சி ஒழிக்கும் பெஸ்ட் கொன்ட்ரோல் வேலையில், கேட்ட மருந்தை அடிக்க மாட்டேன் என்று வாடிக்கையாளரிடம் நான் சொன்னது குறைவு. வெள்ளவத்தை வாய்க்கால் ஓரத்து ஃப்ளட், மாடிக் குடியிருப்பு ஒன்றில் அப்படிச் சொல்லவேண்டி வந்தது.

கீழ்மாடியில் சுகந்தி என்ற டீச்சர் தன் சின்ன மகளோடு இருந்தார். மகளைக் குளிக்க வார்க்கும் வாளிக்குள் ஒரு சாண் நீளத்தில், கறுப்பு நூல் போல ஒரு புழு நெளிந்திருக்கிறது. பிள்ளையின் வயிற்றிலிருந்து வந்ததாக நினைத்துக் குடற்புழு மருந்து கொடுத்திருக்கிறார். பிறகும் வாளிக்குள் ஒன்று வந்தது. மகளை நேர்சரிக்கு அனுப்பவில்லை, தன்னோடு படுக்கவும் விடவில்லை. கடைசியில் சந்தேகம் தண்ணீர் டாங்க் பக்கம் திரும்பியது.

"அண்ணை, டாங்குக்குள்ள மருந்து ஊத்துங்கோ. எல்லாம் சாகட்டும்."

"தங்கச்சி, அந்தத் தண்ணியைத்தான் முழு ஃப்ளட்டும் குடிக்குது. நான் ஊத்தமாட்டன்."

அவருக்குக் கோபம். வேறு கொம்பனியைக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மொட்டைமாடிக்கு ஏறினேன். டாங்க் சுத்தம், மூடியும் இறுக்கம். கீழே வந்து பார்த்தால், சுகந்தியின் குளியலறை ஜன்னலுக்கு வலை இல்லை. வெளியே வாய்க்கால் ஓரத்துச் செடிப் பற்றை. ஜன்னலுக்குக் கீழே, டைல்ஸ் சுவரில், வயிறு வீங்கிய ஒரு கும்பிடுபூச்சி இருந்தது. பற்றையில் இருக்கவேண்டியதற்கு ஈரச் சுவரில் என்ன வேலை?

வாளியில் தண்ணீர் நிரப்பி, ஜன்னல் வெளிச்சம் படும்படி வைத்துவிட்டு சுகந்தியைக் கூப்பிட்டேன். இருவரும் பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பூச்சி மெல்ல இறங்கி வந்து, வாளி விளிம்பில் ஏறி, தானாகவே தண்ணீருக்குள் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் பின்பக்கத்தால் அதே கறுப்புப் புழு சுருள் சுருளாக வெளியே வந்தது.

குதிரைமுடிப் புழு அது. பூச்சிக்குள் வளரும்; முற்றியதும் அதற்குத் தண்ணீர் வேண்டும். அதனால் பூச்சியின் புத்தியை மாற்றி, தண்ணீரைத் தேடிப் போகவைக்கும். மனிதரின் வயிற்றில் அது வாழாது. இவ்வளவும் சொன்னேன்.

"அப்ப என்ர பிள்ளைக்கு ஒண்டுமில்லையோ?"

"ஒண்டுமில்லை."

சுகந்தி குளியலறைப் படியிலேயே இருந்து அழுதார். பிறகு மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு அம்மாவோடு படுக்கலாம் என்று சொன்னார்.

ஜன்னலுக்கு வலை அடித்ததோடு வேலை முடிந்தது. இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒரு பூச்சி தனக்குரிய இடத்தை விட்டு வந்திருந்தால், அதைக் கொல்வதற்கு முன், அதை அங்கே கொண்டுவந்தது எது என்று பாருங்கள்.